வியாழக்கிழமைக் கிளைகள்

ஆபீசில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை. திரையில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தால், மற்றவர்கள் நாலு தடவை பார்த்தாலும் கண்ணில் படாது. அவருக்கு முதல் பார்வையிலேயே உறுத்தும். சட்டைக் காலருக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும் என்பார்.

வயது நாற்பத்தொன்பது. வேலை டெஸ்டர். புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதியதையெல்லாம் பத்திரமாக வைத்து, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளும் கருவி ஒன்றை அவருடைய கம்பெனி செய்து விற்றது. ஒரே புரோகிராமில் பத்துப் பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை செய்ய, ஆளுக்கொரு தனிப் பிரதி பிரித்துக்கொள்வார்கள். அதற்குக் கிளை என்று பெயர். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். என்னென்ன கிளைகள் இருக்கின்றன என்று கேட்டால் கருவி ஒரு பட்டியல் காட்டும். அந்தப் பட்டியல் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

"ஒரு லிஸ்ட் நேரா இருக்கான்னு பார்க்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று அவருடைய அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்.

"ஆமாக்கா."

"நானும் தினம் துணியை நேரா மடிச்சுத்தான் அடுக்கறேன். எங்க வீட்டுல ஒருத்தரும் கண்டுக்கலையே!"

சிரித்துவிட்டுப் போனை வைத்தார். ஆனால் அது அத்தனை லேசான வேலை இல்லை. நாம் இப்போது எந்தக் கிளையில் நிற்கிறோமோ அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வர வேண்டும். பெயர் ஒரு பத்தியில், கடைசியாக மாற்றிய தேதி அடுத்த பத்தியில் என்று விழ வேண்டும். திரையில் ஜன்னலைச் சுருக்கினால் நீளப் பெயர்கள் நாற்பதாவது எழுத்துக் கட்டத்தில் வெட்டுப்பட வேண்டும். ஆயிரம் கிளை இருந்தாலும் வரிசை குலையக் கூடாது. ஒரு வரி மேலே கீழே தெரிந்து யாராவது வேறு கிளையை அழித்துவிட்டால் மூன்று மாத உழைப்பு போயே போய்விடும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

அவர் உட்கார்ந்த கூடத்தில் பதினான்கு இருக்கைகள். ஒரு காலத்தில் பதினான்கிலும் ஆள் இருந்தார்கள். கம்பெனி வேறொரு புதுக் கருவி செய்ய ஆரம்பித்ததும் நாலு பேரை ஊரின் மறுகோடியில் இருந்த புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். தனி அறையில் இருந்த மேனேஜரும் அவர்களோடு போய்விட்டார். பிறகு ஒரே நாளில் ஒன்பது பேரை அனுப்பிவிட்டார்கள். பழைய கருவியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவரை மட்டும் விட்டுவைத்தார்கள். காலையில் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்தால் பதினான்கு விளக்கும் தானாக எரியும். அவர் அசையாமல் வேலை பார்த்தால் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்டினால் திரும்ப எரியும். வெளியிலிருந்து யாராவது பார்த்தால், இந்த மனுஷன் யாருக்கு டாட்டா காட்டுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

வீட்டிலும் அவர் ஒருத்தர்தான். கல்யாணம் ஆகி ஆறு வருடத்தில் மனைவி பிரிந்துபோனாள். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டைக்குக்கூட வழியில்லாமல் பேச்சு வற்றிப்போய்விட்டது. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு குக்கர். இரண்டாவது தட்டு பரண்மேல் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை. கருவியின் அடுத்த பதிப்பு வெளியீட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சோதனைக்கென்றே வைத்திருந்த களஞ்சியத்தை, அதாவது கிளைகள் சேர்ந்திருக்கும் சேமிப்பிடத்தைத் திறந்து, கிளைகளைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார். அந்தக் களஞ்சியத்தில் உருப்படியாக ஒன்றும் கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் கிளைகள், எல்லாம் டெஸ்டர்கள் விளையாட்டாக வைத்த பெயர்கள். அவரைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் பட்டியலின் உச்சியில் அவர் வைக்காத ஒரு கிளை இருந்தது. நாலு நாளைக்கு முன், வியாழக்கிழமை, யாரோ உண்டாக்கியிருந்தார்கள். பெயர் தமிழில் இருந்தது.

'இது-நேரா-நிக்குதா-பாரு.'

நேராக நிற்கவில்லை. அந்த வரியின் தேதி மட்டும் ஐந்து கட்டம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. 'நி' என்று நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதைக் கருவி இரண்டாக எண்ணியிருந்தது. 'க்' மேல் இருக்கும் புள்ளியைத் தனி எழுத்தாகக் கணக்குப் பண்ணியிருந்தது. பதினோரு வருடமாக இந்தப் பட்டியலையே பார்க்கிறவருக்கு, தமிழில் ஒரு பெயர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. காலருக்குள் எறும்பு புகுந்தது.

பிறகுதான், வைத்தது யார் என்று பார்த்தார். சாமியார்.

சாமியார் ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து இருக்கை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார், அதனால் அந்தப் பெயர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'சார்' என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நீளாது. இவருக்கு ஜலதோஷம் பிடித்தால் சாமியார் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து சுவர் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட அந்த ஒன்பது பேரில் சாமியாரும் ஒருத்தர். அது நடந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. களஞ்சியத்துக்குள் நுழைய அவருக்கிருந்த அனுமதியை ரத்துசெய்ய யாரோ மறந்திருக்கிறார்கள்.

முறைப்படி அன்றே பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பூதக்கண்ணாடி முதலில் களஞ்சியத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். சாமியார் வேறு எதையும் தொட்டிருக்கவில்லை, எதையும் எடுத்துக்கொண்டும் போகவில்லை. ஒரு பெயர், அவ்வளவுதான். அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார், யாரும் இல்லாத கூடத்தில். பிறகு தானும் ஒரு கிளை உண்டாக்கினார்.

'நிக்கல-அஞ்சு-கட்டம்-சாயுது.'

வியாழக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. 'தெரியும்-நீ-எப்பப்-பார்த்த.'

அந்த 'நீ'யைப் பார்த்து அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசித்தபோது புரிந்தது. நாற்பது கட்டத்துக்கு மேல் போனால் பெயர் வெட்டுப்படும். கட்டத்தை மிச்சம் பிடிக்க முதலில் 'ங்க'வைத்தான் விடத் தோன்றும். சாமியார் மரியாதையைச் சுருக்கியிருந்தார். கேள்விக்குறியும் இல்லை, கிளைப் பெயரில் கேள்விக்குறி வைக்கக் கருவி விடாது. அதனால் கேள்வியா பதிலா என்று படிக்கிறவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

இப்படி ஆரம்பித்தது. இவர் திங்களோ செவ்வாயோ ஒன்று வைப்பார். வியாழக்கிழமை சாமியாரின் பதில் வரும். அன்று காலையிலிருந்தே இவர் பட்டியலை எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

'ஏன்-இன்னும்-டெஸ்ட்-பண்ற' என்று கேட்டதற்கு, 'வியாழன்-வந்தா-கை-அரிக்குது' என்று வந்தது. பழைய டீமில் வியாழக்கிழமைதான் பட்டியல் சோதனை நாள். 'வேலை-கிடைச்சுதா' என்றதற்கு, 'இல்ல-முடி-நரைச்சதுதான்-மிச்சம்.' 'பகல்ல-என்ன-பண்ணுவ' என்றதற்கு, 'தூங்கற-மாதிரி-நடிப்பேன்.' அதைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கூடத்தில் தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே என்னவோபோல் இருந்தது. ஒரு வாரம் சாமியார் கேட்டார்: 'ஃபேன்-இன்னும்-கத்துதா.' இவர் எழுந்துபோய் ஃபேனைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: 'ஆமா-உன்-சீட்-பக்கம்-திருப்பிட்டேன்.'

ஒவ்வொரு பெயருக்கும் பட்டியல் ஒவ்வொரு விதமாகக் கோணியது. சாய்வதை அளந்து, படம் எடுத்து, குறையை முறைப்படி மேனேஜருக்கு அனுப்பினார். சாமியார் பெயரைச் சொல்லாமல்தான்.

மேனேஜர் போனில் சிரித்தார். "சார், கிளைக்குப் போய் யாரு சார் தமிழ்ல பேர் வைக்கப்போறாங்க?"

"வைக்கலாமில்ல சார்? கருவி வேணாங்கலையே."

"வைக்கலாம். வச்சா சாயும். சாஞ்சா என்ன, குடியா முழுகிப்போகும்? அழகு சமாசாரம் சார் இது. அப்புறம் பார்ப்போம்."

அந்த வாரம் சாமியாருக்கு எழுதினார்: 'அழகு-சமாசாரமாம்.' பதில் ஒரே வார்த்தையில் வந்தது. 'தெரியும்.'

ஏழாவது வாரம் ஒரு படிவம் வந்தது. வெளியீட்டுக்கு முன்னால் ஒவ்வொரு டெஸ்டரும் தன் பொறுப்பில் இருக்கும் களஞ்சியங்களில், வேலையை விட்டுப் போனவர்கள் யாருக்கும் அனுமதி மிச்சமில்லை என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

படிவத்தைத் திறந்து திறந்து மூடினார். 'சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டால் வேலை முடிந்தது. கேட்க நாதியில்லை. ஆனால் பதினோரு வருடத்தில், தேறாத ஒன்றைத் தேறியது என்று அவர் எழுதியதே கிடையாது. அதைத்தான் அவர் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். வேறு பெரிதாக ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்த மனிதரின் போன் நம்பர்கூடத் தன்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

'உன்-நம்பர்-போடு' என்று ஒரு கிளை வைத்தார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வெறும் எண்ணாக ஒரு கிளை வந்தது. அந்த ஒரு வரி மட்டும் பட்டியலில் சாயாமல் நேராக நின்றது.

போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். எண்ணை அழுத்தினார்.

"சார்," என்றார் இவர். அத்தனை வாரம் நீ, உன் என்று எழுதியவருக்கு வாயில் அதுதான் வந்தது.

"சொல்லுங்க சார்," என்றது அந்தப் பக்கம்.

"ஒரு ஃபார்ம் வந்திருக்கு."

"ஆக்சஸ் ஃபார்மா?"

"ஆமா. நாளைக்குக் குடுக்கணும்."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"ரிப்போர்ட் பண்ணிடுங்க," என்றார் சாமியார். "உங்க இடத்துல நானா இருந்தா முதல் நாளே பண்ணியிருப்பேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீங்க ஏன் பண்ணலைன்னு எனக்கு வாராவாரம் ஆச்சரியம்." கொஞ்சம் நிறுத்தினார். "சந்தோஷம்னும் வச்சுக்கோங்க."

இவர் "வீடு எங்க சார்?" என்று மட்டும் கேட்டார். சாமியார் சொன்னார். எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை விஷயத்தைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவித்தார். பத்து நிமிடத்தில் அனுமதி மூடப்பட்டது. அரைமணியில் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம்.

"ஏழு வாரமாத் தெரியும்மா."

"ஏழு வாரமா? ஏன் சார் சொல்லல?"

"அவர் ஒண்ணும் தப்புப் பண்ணல. பேர் மட்டும்தான் வச்சார்."

"நான் கேட்டது அது இல்ல சார்."

"தெரியும்மா."

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. சாமியாரின் கிளைகளை அவரே அழித்துவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. மொத்தமாக ஒரே கட்டளையில் அழிக்கலாம், ஆனால் அவர் ஒவ்வொன்றாகவே அழித்தார். ஒவ்வொன்றுக்கும் கருவி 'நிச்சயமாகவா' என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆம் என்றார். முடித்துவிட்டுச் சோதனை முறைப்படி பட்டியலைத் திரும்ப எடுத்தார். நட்சத்திரம் சரியான இடத்தில் இருந்தது. தேதி வரிசையும் பிசகவில்லை. உச்சியில் அவருடைய பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன: வேலை கிடைச்சுதா, பகல்ல என்ன பண்ணுவ, ஆமா உன் சீட் பக்கம் திருப்பிட்டேன். தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிற ஆளின் பேச்சு மாதிரி இருந்தது. அவற்றை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரும் அழிக்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கையை ஆட்டத் தோன்றவில்லை. திரை வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு பஸ் மாறி சாமியார் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது சாமியாரின் மனைவி. யார் என்று சொன்னதும் ஒரு கணம் விழித்தாள்.

"இவரைத் தேடி ஆபீஸ்லருந்து யாரும் வந்ததே இல்லையே! உள்ள வாங்கண்ணா."

சாமியார் ஒல்லியாகியிருந்தார். முடி நிஜமாகவே நரைத்திருந்தது. மேஜைமேல் லேப்டாப் மூடியிருந்தது. டீ வந்தது. இரண்டு பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டு குடித்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள் கடைசியில் கேட்டாள்:

"ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்துல உக்கார்ந்தீங்களாமே, அப்படி என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெருசா ஒண்ணுமில்லம்மா," என்றார் பூதக்கண்ணாடி.

"நல்லா வாச்சீங்க போங்க!" என்று சிரித்துக்கொண்டே டம்ளர்களை எடுத்துப் போனாள்.

கிளம்பும்போது சாமியார் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் கொளுத்தியது. மூடிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். சாமியார் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"என்னை அனுப்பின அன்னிக்கு ஒரு அட்டைப்பெட்டி குடுத்தாங்க. சாமானை அதுல எடுத்து வச்சேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. நீ திரும்பிக்கூடப் பார்க்கல."

பூதக்கண்ணாடிக்கு முகம் சூடேறியது. "என்ன சொல்றதுன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேணாம். பார்த்திருக்கலாம்."

"ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அதுல என்ன இருந்துதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. நீ நாற்காலியை உள்ள தள்ளினது கேட்டுது. கதவு சாத்தினதும் கேட்டுது." தலையைத் திருப்பிச் சாமியாரைப் பார்த்தார். "அப்பப் போய் திரும்பிப் பார்த்தேன்."

சாமியார் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை. ஆனால் வீட்டில் இருந்த மௌனம் போல அது கழுத்தைப் பிடிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பஸ் திரும்பும் வரைக்கும் சாமியார் அந்த நிழலிலேயே நின்றார்.

அதற்கப்புறம் இரண்டு தடவை போனார். மூன்றாவது தடவை போக முடியவில்லை. சாமியாருக்கு வேறு ஊரில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது. பெட்டியில் ஒட்டிய முகவரியும் கணினியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. குடும்பத்தோடு போய்விட்டார்.

அந்தச் சாய்வு எட்டு மாதம் கழித்து நேரானது. எங்கோ ஒரு வாடிக்கையாளர், தமிழர்கூட இல்லை, தங்கள் எழுத்தில் பெயர் வைத்தால் பட்டியல் கோணுகிறது என்று காரசாரமாக எழுதியிருந்தார். அதே மேனேஜர் கூப்பிட்டு, "சார், அவசரம் சார், தலைக்கு மேல கத்தி தொங்குது," என்றார். பூதக்கண்ணாடி பழைய படங்களையெல்லாம் எடுத்து அனுப்பினார். திருத்தி வந்ததும் மூன்று நாள் உட்கார்ந்து சோதித்தார். 'சில மொழிகளில் பட்டியல் தோற்றம் சீராக்கப்பட்டது' என்று வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி வந்தது. யார் பெயரும் அதில் இல்லை, இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. சாமியாரிடம் சொல்லலாம் என்று மத்தியானம் கூப்பிட்டார். அந்தப் பக்கம் இரைச்சல். "அப்படியா! நல்லதாப் போச்சு. வண்டி வந்து நிக்குது, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

சாமியார் அன்று திரும்பக் கூப்பிடவில்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.

இப்போது அந்தக் கூடமும் இல்லை. வாடகைக்கு எடுத்த இடத்தைக் கம்பெனி காலி செய்துவிட்டது. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் பட்டியல். மாதத்துக்கு ஒரு தடவை அவரோ சாமியாரோ கூப்பிடுவார். சாப்பிட்டியா, முட்டிவலி எப்படி, அங்கே மழையா என்று மூன்று நிமிடத்துக்குள் பேச்சு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு யார் முதலில் வைப்பது என்று இருவருக்குமே தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனைக் காதிலேயே வைத்திருப்பார்கள்.